போட்டுத்தான் பார்ப்போமா?

தலைப்பைப் பார்த்துவிட்டு, "பி.காம். படிக்கிற புள்ள, ஷேர் மார்க்கெட் பத்தி ஏதோ சொல்ல வருது" என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது பணம் போடுகிற விஷயம் இல்லை. மூத்திரப்பைக்குள் மருந்து போடுகிற விஷயம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரலாம், அவசரமில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். என் பெஞ்சில் உட்காருகிறவர்களே படிப்பார்கள். நாளைக்கு கேன்டீனில் பார்க்கும்போது என்ன நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். கால் உடைந்தால் மாவுக்கட்டில் கையெழுத்துப் போட எல்லோரையும் கூப்பிடுகிறோம். மூத்திரப்பையில் வலி என்றால் மட்டும் லீவ் லெட்டரில் "வயிற்று வலி" என்று எழுதுகிறோம். நானும் 14 மாதமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போதும் என்று தோன்றிவிட்டது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வீரவநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் வந்து போகிறவள் நான். சேரன்மகாதேவி, பத்தமடை, முன்னீர்பள்ளம் என்று பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் பத்தமடை தாண்டும்போதே அடிவயிற்றில் ஒரு அழுத்தம், கூடவே எரிச்சல். காலேஜில் இறங்கி ஓடினால் வந்தது அரை டம்ளர்கூட இல்லை. போனதும் வலி குறைந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. அன்றைக்கு மட்டும் பதினேழு தடவை போனேன்.

வீட்டில் ஆச்சி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எல்லாம் சூடுதாம்ட்டி." நீர்மோர், இளநீர், வெந்தயத் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம் என்று வரிசையாக வந்தது. அடங்கவில்லை. பிறகு டாக்டர். "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக். இரண்டு வாரம் கழித்து வேறு ஆன்டிபயாடிக். அதற்கப்புறம் இன்னொன்று. கல்ச்சர் டெஸ்ட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கிருமி எதுவும் வளரவில்லை என்றே ரிப்போர்ட் வந்தது. கிருமியே இல்லை, ஆனால் கிருமிக்கு மருந்து! ஐந்தாவது தடவை போனபோது, "பரீட்சை டென்ஷன்மா, மனசை ரிலாக்ஸா வச்சுக்கோ" என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது? வேறு ஊரிலும் இதே கதைதான் நடக்கிறது.

பஸ்ஸை விட்டுவிட்டு செங்கோட்டை ரயிலுக்கு மாறினேன். காரணம் ஒன்றே ஒன்றுதான். ரயிலில் கழிவறை இருக்கிறது. மூன்று மணி நேர செமஸ்டர் பரீட்சையில் மூன்று தடவை எழுந்து போனேன். மூன்றாவது தடவை ஹால் சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பாத்ரூமில் பிட் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார். காஸ்ட் அக்கவுண்டிங்கில் பதினைந்து மார்க் கேள்வியைத் தொடக்கூட முடியவில்லை.

ஆறாவதாகப் பார்த்த டாக்டர்தான் நிதானமாக உட்கார்ந்து கேட்டார். மூத்திரம் நிறைய நிறைய வலி கூடுகிறதா? போனதும் குறைகிறதா? எத்தனை மாதமாக? இரவில் எத்தனை தடவை? கடைசியில் ஒரு பெயர் சொன்னார். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ், சுருக்கமாக ஐ.சி. பிளாடர் பெயின் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். கிருமித் தொற்று இல்லாமலே, வேறு வெளிப்படையான காரணமும் இல்லாமலே, ஆறு வாரத்துக்கு மேல் மூத்திரப்பையில் வலியும் அடிக்கடி போகவேண்டிய அவசரமும் இருந்தால் இந்தப் பெயர் வரும். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும்.

பெயர் தெரிந்த அன்றைக்கு ரயிலில் அழுதேன். பயத்தில் இல்லை. நான் கற்பனை பண்ணவில்லை என்று தெரிந்ததில்.

இது ஒன்றும் புது நோய் இல்லை. 1887-ல் அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தப் பெயரைப் புத்தகத்தில் எழுதிவிட்டார். 1915-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த கை ஹன்னர், சில பெண்களின் மூத்திரப்பைக்குள் இருந்த விசித்திரமான புண்களைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் அதற்கு ஹன்னர் புண் என்றுதான் பெயர். அதற்கப்புறமும் பல வருடங்கள், புண் கண்ணுக்குத் தெரியாத பெண்களிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் விக்கி ராட்னர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவி. பல டாக்டர்களைப் பார்த்தும் பதில் கிடைக்காமல், தானே நூலகத்தில் தேடித்தான் தன் நோயின் பெயரைக் கண்டுபிடித்தார். 1984-ல் இந்த நோயாளிகளுக்காக ஒரு சங்கமே ஆரம்பித்தார். டாக்டருக்குப் படிக்கிறவருக்கே அந்த நிலைமை. நமக்கு லெட்ஜர் மட்டும்தானே தெரியும்!

சரி, இப்போது மேட்டருக்கு வருகிறேன்.

உணவு மாற்றம், இரவில் ஒரு மாத்திரை, இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி என்று ஐந்து மாதம் போயிற்று. காபியை விட்டேன். புளிக்குழம்பை விட்டேன். எங்கள் ஊர்ச் சொதியில் எலுமிச்சம்பழம் பிழியாமல் எனக்கு மட்டும் தனிக் கிண்ணம். ஆச்சி ஆசையாக வெட்டித் தந்த இளநீர் எனக்கு எரிச்சலைக் கூட்டியதும் அப்போதுதான் புரிந்தது. (எல்லோருக்கும் அப்படி இல்லை. யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவரவர்தான் எழுதி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.) கொஞ்சம் குறைந்தது. பத்துக்கு எட்டாக இருந்த வலி ஆறரை, ஏழு என்று நின்றுவிட்டது. இரவில் நான்கு தடவை எழுந்திருப்பது மாறவில்லை.

அப்போதுதான் டாக்டர் சொன்னார். "பிளாடருக்குள்ளேயே மருந்து விட்டுப் பார்க்கலாம். வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். யோசிச்சுச் சொல்லும்மா."

என்ன செய்வார்கள் என்றால், மெல்லிய ரப்பர் குழாயை மூத்திரத் துளை வழியாக உள்ளே விட்டு, இருக்கிற மூத்திரத்தை வெளியேற்றிவிட்டு, மருந்தை உள்ளே செலுத்திக் குழாயை எடுத்துவிடுவார்கள். சொன்ன நேரம் வரை அடக்கி வைத்திருந்து பிறகு போய்விடலாம். படுக்கை வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். குழாய் எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். 10 ஃப்ரெஞ்ச் என்றார். மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். அப்படியானால் மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, பேனா ரீஃபில் அளவு.

எனக்குச் சொன்ன கலவை ஹெப்பாரின், லிடோகெய்ன், சோடா உப்பு. லிடோகெய்ன் பல் டாக்டர் போடுகிற மரத்துப்போகும் மருந்து. சோடா உப்பு அதன் அமிலத்தன்மையை மாற்றி, பையின் சுவருக்குள் இறங்க உதவுகிறது. ஹெப்பாரின் எதற்கு? மூத்திரப்பையின் உள்சுவரில் ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் கன்னடியன் கால்வாய்க் கரையில் விரிசல் விட்டால் தண்ணீர் கசிகிற மாதிரி, அந்தப் பூச்சு கெட்டுப்போனால் மூத்திரத்தில் இருக்கிற உப்புகள் சுவருக்குள் கசிந்து நரம்பைச் சீண்டுகின்றன என்பது ஒரு கருத்து. ஹெப்பாரினின் அமைப்பு அந்தப் பூச்சை ஒத்தது. அதனால் தற்காலிகமாக ஒட்டுப்போடும் என்று நம்புகிறார்கள். "நம்புகிறார்கள்" என்பதைக் கவனியுங்கள். பூச்சு கெடுவதுதான் எல்லோருக்கும் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை.

வீட்டில் சொன்னேன். இரண்டு கட்சி உருவாயிற்று.

அப்பா கட்சி: "போட்டுத்தான் பார்ப்போமே, என்ன கொறஞ்சிரப் போவுது?"

அம்மா கட்சி: "கல்யாணம் ஆவாத புள்ளைக்கு டியூபா? நாளைக்கு எவளாவது கேட்டா என்னத்தச் சொல்ல?"

என் கருத்து என்னவென்றால், இரண்டு பேரும் முடிவு எடுக்கவே இல்லை. அப்பா யோசிக்காமல் சரி என்கிறார், அம்மா யோசிக்காமல் வேண்டாம் என்கிறாள். இரண்டிலும் என் மூத்திரப்பை எங்கேயும் இல்லை.

அம்மாவின் பயத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பல வீடுகளில் வைத்தியம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. மூத்திரம் போகும் துளை வேறு. மாதவிடாய் வரும் வழி வேறு. குழாய் போவது முதல் வழியில். இரண்டாவதை அது தொடவே தொடாது. "கன்னி" சமாசாரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. (அந்தச் சமாசாரத்தை அளக்க உடம்பில் எந்த ஸ்கேலும் இல்லை என்பது தனிப் பதிவு.) கூச்சமாக இருந்தால் பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒருவர் நிற்கலாம். ஒரு தாளில் படம் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். மூன்று பிள்ளை பெற்றவள், "இது ரெண்டும் வேற வேறயா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஆச்சி என் பக்கத்தில் வந்து படுத்தாள். அவளுக்கும் முதல் பிள்ளைக்கு முந்தி இதே மாதிரி கடுப்பு இருந்ததாம். விடியுமுன்னே கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை வருஷம் ஆச்சி என்றேன். "ஏழெட்டு வருஷம் இருக்கும்ட்டி" என்றாள், ஏதோ பழைய வாடகை வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல. அவளுக்கு இருந்தது இதுதானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இதை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

இப்போது அப்பா கட்சி. என்ன குறைந்துவிடப் போகிறது?

குறையும்ப்பா. பணம் ஒரு பக்கம். ஆறு தடவைக்கும் ஆறு நாள் லீவு. ஒவ்வொரு முறை குழாய் போடும்போதும் மூத்திரத் துளையில் எரிச்சல் வரலாம், நிஜமாகவே கிருமித் தொற்று வரலாம். இல்லாத தொற்றுக்கு இத்தனை மாதம் மருந்து சாப்பிட்ட நான், வைத்தியம் பண்ணப்போய் தொற்றை வாங்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு நம்பிக்கை. அதுவும் ஒரு கையிருப்புதான். யோசிக்காமல் செலவழித்தால், நிஜமாகப் பலன் தரக்கூடிய அடுத்த வைத்தியத்துக்குக் கையில் மிஞ்சாது.

அப்படியானால் பலன் எவ்வளவு? இங்கேதான் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. சோடா உப்பு சேர்த்த லிடோகெய்னை வைத்து வட அமெரிக்காவில் 102 பேரிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு மருந்து, இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத போலித் திரவம். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஐந்து நாள் தொடர்ந்து போட்டு, முடிந்து மூன்று நாள் கழித்துக் கேட்டபோது, நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் மருந்துப் பக்கம் 30 சதவீதம், போலித் திரவத்தின் பக்கம் 9.6 சதவீதம்.

இதை விற்கிறவர் "மூன்று மடங்கு பலன்!" என்று போர்டு வைக்கலாம். வாங்குகிறவர் "பத்தில் ஏழு பேருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதலாம். இரண்டும் ஒரே பேலன்ஸ் ஷீட். நான் படிக்கிற விதம் இது: 100 பேருக்குப் போட்டால் 10 பேர் எப்படியும் தேறியிருப்பார்கள், மருந்தால் கூடுதலாக 20 பேர், மீதி 70 பேர் பஸ் காசு கொடுத்து வந்து போனதுதான். அதுவும் சில நாள் கணக்கு, வருடக் கணக்கு இல்லை. எனக்குச் சொல்லியிருக்கிற முறையும் அதே முறை இல்லை. ஹெப்பாரின் கூட இருக்கிறது, தினமும் இல்லாமல் வாரம் ஒரு முறை.

மூத்திரப்பைக்குள் விடுவதெல்லாம் ஒன்றே என்றும் நினைத்துவிடக் கூடாது. டி.எம்.எஸ்.ஓ. என்று ஒன்று இருக்கிறது, மரக்கூழ்த் தொழிலில் உபபொருளாகக் கிடைத்தது. அமெரிக்காவில் 1978-லேயே இந்த நோய்க்கு அனுமதி வாங்கிவிட்டது. போட்டுக்கொண்டவர் மேல் பூண்டு வாடை அடிக்கும் என்பதுதான் அதன் புகழ். பி.சி.ஜி.யையும் விட்டுப் பார்த்தார்கள். ஆமாம், குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிற, நம் கிண்டி ஆய்வகத்தில் 1948-லிருந்து பேர்பெற்ற அதே காசநோய்த் தடுப்பு மருந்து. மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு அது நல்ல மருந்து. ஆனால் ஐ.சி.க்கு 265 பேரிடம் பார்த்து 2005-ல் வெளியிட்ட முடிவில், மருந்துக்கு 21 சதவீதம், போலிக்கு 12 சதவீதம். தற்செயல் இல்லை என்று சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை. ஐ.சி.க்கு ஆராய்ச்சிக்கு வெளியே இதைப் போடாதீர்கள் என்று அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. எனவே "பிளாடர் இன்ஸ்டிலேஷன்" என்று யாராவது சொன்னால் நம் முதல் கேள்வி: உள்ளே போகிற மருந்தின் பெயர் என்ன?

"அப்போ பேசாம மாத்திரையே போட்டுக்கிட்டுப் போயிரலாமே, அதுதானே சேஃப்?" என்று ஒரு தோழி கேட்டாள். அதுவும் முழு உண்மை இல்லை. பென்டோசான் என்ற மாத்திரைக்கு இந்த நோய்க்காக 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2018-ல், வருடக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்குக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டதாகக் கண் மருத்துவர்கள் எழுதினார்கள். 2020-ல் மருந்தின் லேபிளிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. வாயால் விழுங்குவது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. பைக்குள் விடும் ஹெப்பாரின் ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை. விழுங்குவது சாது, குழாய் முரடு என்பது நம் மனப்பழக்கம்.

அதே சங்கத்தின் 2022 வழிகாட்டியில் எனக்குப் பிடித்த மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் முதல் படி, இரண்டாம் படி என்று ஏணி மாதிரி வைத்தியங்களை அடுக்கியிருந்தார்கள். அந்த ஏணியை எடுத்துவிட்டார்கள். நோயாளியும் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து, அவரவருக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பட்டியலில் டி.எம்.எஸ்.ஓ., ஹெப்பாரின், லிடோகெய்ன் மூன்றும் "செய்து பார்க்கலாம்" என்ற அளவில்தான் இருக்கின்றன. "செய்தே ஆகவேண்டும்" என்று இல்லை. நிபுணர்களே இப்படி எழுதியிருக்கும்போது, முடிவு யார் கையில்? என் கையில்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். "இது வேலை செய்யுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் முடிவு எடுக்கவே முடியாது, ஏனென்றால் அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி: "என்ன நிபந்தனையில் ஆரம்பிப்பேன், என்ன நடந்தால் நிறுத்துவேன்?" இதற்குப் பதில் நம்மிடமே இருக்கிறது. ஆனால் முதல் குழாய் உள்ளே போவதற்கு முந்தியே எழுதி வைக்க வேண்டும். வலியில் படுத்திருக்கும்போது எழுதினால் அது கணக்கு இல்லை, வேண்டுதல்.

என் நிபந்தனைகள்:

ஒன்று. நோய் இதுதானா என்று முடிந்த அளவு உறுதி செய்துகொள்வது. நம் நாட்டில் இதில் முக்கியமானது காசநோய். மூத்திரப்பையில் காசநோய் வந்தாலும் இதே மாதிரி அடிக்கடி போகும், எரியும், சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளராது. கவனிக்காமல் விட்டால் பை சுருங்கியே போய்விடும். அதைக் கண்டுபிடிக்காமல் லிடோகெய்ன் போட்டு மரக்கவைப்பது, தீப்பிடித்த வீட்டில் சைரனை அணைக்கிற வேலை. காலை முதல் மூத்திரத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்தேன். அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. கல் இருக்கிறதா என்று ஸ்கேனும் பார்த்தாயிற்று. இரண்டும் இல்லை. மூத்திரத்தில் ரத்தம் வந்தாலோ, ஹன்னர் புண் சந்தேகம் இருந்தாலோ உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது முதல் வேலை. புண் இருந்தால் அதையே நேரடியாகச் சுட்டோ ஊசி போட்டோ கவனிப்பார்கள், அதன் பலன் இதைவிட நன்றாக இருக்கிறது.

இரண்டு. ஆரம்ப இருப்பு. ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாமல் எந்தக் கணக்கும் இல்லை. இரண்டு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன்: பகலில் எத்தனை தடவை, இரவில் எத்தனை தடவை, வலி பத்துக்கு எத்தனை. சராசரி: பகல் 15, இரவு 4, வலி 6.5.

மூன்று. லாபம் என்றால் எது? இரவு 2, வலி 4. இரண்டில் ஒன்றாவது வர வேண்டும். "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கு" என்பது என்ட்ரி ஆகாது.

நான்கு. எங்கே நிறுத்துவது? காய்ச்சல், ரத்தம், முன்னைவிடக் கூடும் வலி, இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றே டாக்டருக்கு போன், அடுத்த தடவை கிடையாது. ஆறு முடிந்தும் நோட்டில் மாற்றம் இல்லையென்றால் ஏழாவது கிடையாது. "ஆறு போட்டாச்சு, இன்னும் நாலு போட்டா..." என்று யாராவது ஆரம்பித்தால், சங்க் காஸ்ட் என்ற ஒற்றை வார்த்தை. போன பணம் போனதுதான். அடுத்த ரூபாயை அடுத்த ரூபாயின் தகுதிக்காக மட்டும் போட வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், வாழ்க்கையிலும் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

ஐந்து. உள்ளே போகும் மருந்துகளின் பெயரும் அளவும் ஒவ்வொரு தடவையும் தாளில் எழுதி என் கையில் தர வேண்டும். டாக்டர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சரி என்றார். கேட்டால் கோபப்படுவார்கள் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். எல்லோரும் கோபப்படுவதில்லை.

ஆறு. செமஸ்டருக்கு முந்திய மூன்று வாரத்தில் ஆரம்பிப்பதில்லை.

இந்த நிபந்தனைகளால் இன்னொரு லாபம். முதல் தடவையே ஒரு பரிசோதனையும் ஆகிவிடுகிறது. லிடோகெய்ன் உள்ளே இருக்கும்போது வலி அடங்கினால், வலி மூத்திரப்பையிலிருந்துதான் வருகிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். கொஞ்சமும் அடங்கவில்லை என்றால், இடுப்புத் தசையோ வேறு ஏதோவா என்று பார்வையைத் திருப்பலாம். எப்படிப் போனாலும் ஏதோ ஒரு தகவல் கையில் கிடைக்கும்.

இதே கணக்கைப் போட்டு ஒருவர் "வேண்டாம்" என்று முடிவு செய்தால் அதுவும் சரியான முடிவுதான். உணவு மாற்றத்திலேயே தேறி வருகிறவர், அடிக்கடி நிஜமான தொற்று வருகிறவர், மூத்திரத் துளையிலேயே வலி அதிகம் உள்ளவர், இவர்களுக்கெல்லாம் குழாயின் விலை கூடுதல். நான் எதிர்ப்பது வேண்டாம் என்பதை இல்லை. கணக்கே போடாமல், வெட்கத்துக்காக வேண்டாம் என்பதை. அதேபோல கணக்கே போடாமல், தாங்க முடியாத ஒரே காரணத்துக்காகச் சரி என்பதையும்.

என் முடிவு: போட்டுப் பார்க்கிறேன். வருகிற வியாழக்கிழமை முதல் தடவை. கூட வரப்போவது அம்மா. அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. வரைந்து காட்டிய படத்தை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறாள், எதற்கென்று தெரியவில்லை. சித்தி வீட்டில் யாருக்கோ காட்டப்போகிறாள் என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம் கழித்து நோட்டில் என்ன எண் வருகிறதோ அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். நஷ்டம் என்றாலும் எழுதுவேன். நஷ்டக் கணக்கை மறைக்கக் கூடாது என்று இரண்டரை வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, டாக்டருக்குப் படிக்கிறவளும் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எதையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். தனியாரில் காட்ட வசதியில்லாதவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள், வெட்கப்படாமல்.

டிஸ்கி 2: வகுப்புத் தோழர்களுக்கு: இனி லெக்சர் நடுவில் நான் எழுந்து போனால் பின்பெஞ்சிலிருந்து "என்னலே, மறுபடியுமா?" என்று சத்தம் வரக்கூடாது. வந்தால் உங்கள் அசைன்மென்ட்டுக்கு என் நோட்ஸ் கிடைக்காது. இதுவும் நிபந்தனைதான்.